ட்ரெயின் போல்ட் மரை போனால் சேம்பரை மாற்ற வேண்டியதில்லை

ஆயில் மாற்றி வந்த மறுநாள் காலையில் பைக் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால், முதலில் இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் ட்ரெயின் போல்ட்டைப் பாருங்கள். கசியக் கூடாதென்று நீளமான ஸ்பேனரிலோ ஏர் கன்னிலோ முறுக்கியிருப்பார்கள். போல்ட் இரும்பு, அது ஏறும் சேம்பர், அதாவது இன்ஜினின் கீழ்க்கூடு, அலுமினியம். தோற்பது அலுமினியம்தான். "சேம்பரே மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அதற்கு இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். போன மரையை மட்டும் புதிதாகப் போட அரைநாள் போதும்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். 100 சிசி வண்டியில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். கசிவது பின் டயரில்தான் தெறிக்கும். அந்த டயரோடு தொப்பூர் கணவாயில் இறங்குவதை நினைத்துப் பார்த்தால் போதும்.

என்ன போயிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். முறுக்கினால் போல்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, கழற்றினால் அதன் பள்ளங்களில் வெள்ளிக் கம்பி போல அலுமினியம் சுற்றியிருக்கிறதா? மரை போய்விட்டது. போல்ட் நன்றாகப் பிடித்தும் கசிந்தால் நசுங்கிய பழைய வாஷரைத் திரும்பப் போட்டிருப்பார்கள். புது வாஷரோடு வேலை முடிந்தது. மூன்றாவதுதான் மோசமானது, விரிசல். போல்ட்டைச் சுற்றிப் பெட்ரோலால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்த்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தூளில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஆர்கான் வெல்டிங்தான் வழி, வீட்டில் முடியாது.

மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் கிட் வாங்குங்கள். ஹெலிகாயில் என்பது துளைக்குள் ஏறிப் புது மரையாக நிற்கும் கம்பிச்சுருள். ட்ரில் பிட், மரை வெட்டும் டேப், கம்பிச்சுருள், அதை ஏற்றும் கருவி நான்கும் அதில் இருக்கும். தொழிற்சாலைகளை நம்பி நடக்கும் ஓசூர் டூல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் போல்ட் எம்12 (12 மி.மீ. தடிமன்), பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5 மி.மீ. ஹார்டுவேர் கடையில் வெறுமனே "12 எம்எம் கிட்" என்றால் 1.75 பிட்சைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அது ஆகாது. வேறு வண்டியானால் போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். சுருளின் நீளம் மரை இருக்கும் ஆழத்தைத் தாண்டக் கூடாது, 12 மி.மீ. சுருள் பெரும்பாலும் சரியாக வரும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை கொடுத்து உயர்த்துங்கள். கல் குவாரிப் பக்கம் ஓடும் வண்டியானால் போல்ட்டைத் தொடுமுன் அந்த இடத்தைப் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். கிரானைட் தூசி உள்ளே போனால் பேரிங்கைத் தின்றுவிடும். இன்ஜின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஆயிலை முழுதும் வடித்துவிட வேண்டும்.

1.5 பிட்சுக்கு ட்ரில் 12.4 மி.மீ. பழைய துளையே கிட்டத்தட்ட அந்த அளவில் இருப்பதால் சுரண்ட வேண்டியது கொஞ்சம்தான். பிட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் நேராகப் பிடியுங்கள். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். துளை சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், அப்புறம் எத்தனை வாஷர் மாற்றினாலும் கசியும். ஒருவர் ட்ரில் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று சாய்வைப் பார்ப்பது நல்லது.

பிட்டின் பள்ளங்களிலும் டேப்பின் பள்ளங்களிலும் கிரீஸை அப்புங்கள். அலுமினியச் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ். முடிந்ததும் மேலே ஆயில் ஊற்றும் வழியாகக் கால் லிட்டர் மலிவான இன்ஜின் ஆயிலை ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வடிவதில் மினுமினுப்பு தெரிந்தால் இன்னொரு கால் லிட்டர். மண்ணெண்ணெய் வேண்டாம்.

சுருளைக் கருவியில் மாட்டி அழுத்தாமல் திருப்பினால் தானாக ஏறும். விளிம்புக்கு அரைச் சுற்று உள்ளே போனதும் நிறுத்துங்கள். உள்முனையில் இருக்கும் குறுக்குக் கம்பியைத் தட்டி உடைக்காதீர்கள், இன்ஜினுக்குள் போய்விடும். மூக்குப் பிளையரால் பிடித்து முன்னும் பின்னும் மடக்கி ஒடித்து, துண்டு பிளையரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புது போல்ட், புது வாஷர். போல்ட் முதல் நான்கு சுற்றாவது வெறும் விரலால் ஏற வேண்டும். கடைசி முறுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் தக்காளி, மாங்காய் நிறுக்கும் தொங்கு தராசு போதும். போல்ட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு பன்னிரண்டரைக் கிலோ காட்டியதும் விட்டுவிடுங்கள். அதே இழுப்பை 40 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் கொடுத்தால் 50 நியூட்டன் மீட்டர் ஆகிறது. பட்டறையில் மரை போனதும் இப்படித்தான்.

மரையில் எம்-சீலோ டெஃப்லான் டேப்போ வேண்டாம். எண்ணெயை நிறுத்துவது மரை அல்ல, வாஷர் உட்காரும் தட்டையான முகம்தான். அந்த முகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜாஸோ எம்ஏ (JASO MA, பைக் ஆயிலுக்கான தரக்குறி) என்று போட்ட ஆயிலை, மேனுவலில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். கார் ஆயில் கிளட்சை வழுக்கச் செய்யும். ஹீரோ வண்டிகளில் ஆயில் மூடியோடு வரும் அளவுகோலைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, போல்ட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். 300 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றி, ஆயிலை வடிகட்டும் வலைச் சல்லடையையும் கழற்றிக் கழுவிவிடுங்கள். அப்போது போல்ட்டோடு சுருளும் சேர்ந்து வெளியே வந்தால், லேத் பட்டறையில் இரும்பு புஷ் (உள்ளே மரை உள்ள குழல்) கடைந்து போடச் சொல்லுங்கள்.