கறுப்பினக் கலைஞர்கள் இருவரை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

ஓவியம், சிற்பம் பிடித்த நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்களா? அதிகம் பேசப்படாத அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இருவரை அன்று மாலையே அவர்களுக்குக் காட்டிவிடலாம். ஒரு மடிக்கணினி போதும்.

1. இருவரோடு நிறுத்துங்கள்

பத்துப் பேரைக் காட்டினால் ஒரு பெயரும் மனதில் நிற்காது. நான் அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பியையும் ஹொரேஸ் பிப்பின் என்ற ஓவியரையும்தான் எடுத்துக்கொள்வேன்.

2. கதையை முதலில் சொல்லாதீர்கள்

முதல் தடவை சாவேஜ் பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் படத்தைத் திறந்தேன். எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். சிற்பத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் பெயரைக்கூடச் சொல்வதில்லை. மூன்று நிமிடம் படம் மட்டும்.

3. 'கேமின்' சிற்பத்தைத் திறங்கள்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் தளத்தில் தேடினால் கிடைக்கும். 1929 வாக்கில் செய்தது. ஒரு சிறுவனின் மார்பளவுச் சிலை. உயரம் ஒரு சாண்தான். வெண்கலம் மாதிரி தெரியும், ஆனால் வண்ணம் பூசிய பிளாஸ்டர். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, சட்டை கசங்கியிருக்கிறது. "இவனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். முகம் ஒரு வயதைச் சொல்லும், கண் இன்னொரு வயதைச் சொல்லும். பேச்சு அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கதைக்கு வாருங்கள். சாவேஜ் 1892இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். சிறுமியாக ஊர்க் களிமண்ணில் பொம்மை பிடித்ததற்கு, மதபோதகரான அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார். 1923இல் பிரான்ஸில் நடந்த கோடைக்காலக் கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினப் பெண் என்பதற்காகவே இடம் மறுக்கப்பட்டது. கடைசியில் அவரைப் பாரிஸுக்குக் கூட்டிப்போன உதவித்தொகையை வாங்கித் தந்தவன் இந்தச் சாண் உயரப் பையன்தான்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அவர் செய்த 'யாழ்' சிற்பத்தின் புகைப்படத்தையும் காட்டுங்கள். பதினாறு அடி உயரம். பாடுகிறவர்கள் வரிசையாக நிற்க, அவர்களே யாழின் நரம்புகள். வெண்கலத்தில் வார்க்கவும் பணம் இல்லை, பத்திரப்படுத்தவும் இடம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், நண்பர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும்.

4. பிப்பினை இரண்டு தடவை காட்டுங்கள்

'டோமினோ ஆட்டக்காரர்கள்', 1943. ஒரு சமையலறை, மேசையில் ஆட்டம் நடக்கிறது, பக்கத்தில் ஒரு பெண் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் முழுப் படத்தையும் பார்க்கட்டும். பிறகு சொல்லுங்கள்: முதல் உலகப் போரில் பிப்பினின் வலது தோளில் குண்டு பாய்ந்தது. அந்தக் கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் அவர் வரைந்தார். சரி, இப்போது படத்தைப் பெரிதாக்கி அந்தப் போர்வைக்குப் போங்கள். அதே துணி, இந்தத் தடவை ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார்கள்.

5. "வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டால்

எட்மோனியா லூயிஸின் 'கிளியோபாட்ராவின் மரணம்' என்ற பளிங்குச் சிற்பத்தை எழுதிக் கொடுங்கள். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டது, பிறகு ஒரு பந்தயக் குதிரையின் சமாதியில் போய் நின்றது. இப்போது 'கேமின்' இருக்கும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் முதலில் கதை இல்லாமலே பார்க்கச் சொல்லுங்கள்.