பெரிய தொடருக்கு முன் ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடைபோடுவது எப்படி?

வடக்கின் பெரும் சமர் என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்தில் எந்தப் பெடியனைக் கேட்டாலும் ரெண்டு பக்கப் பந்துவீச்சாளர்களையும் பிரித்து மேய்ந்துவிடுவான், ஆனால் சர்வதேசத் தொடர் என்றதும் மொத்த விக்கெட் எண்ணிக்கையோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அது போதாது.

முதலில் எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் டெஸ்டில் ஏறத்தாழ 42 பந்துக்கு ஒன்று எடுத்தார், இலங்கையின் சமிந்த வாஸுக்கு 66 பந்து தேவைப்பட்டது. உடனே வாஸைக் குறைத்து எடைபோடாதீர்கள்: சுழலுக்கே கை கொடுக்கும் நம் ஆடுகளங்களில் நிறைய வீசியும் அவர் டெஸ்டில் மொத்தம் 355 விக்கெட் எடுத்தார், 2001 இல் கொழும்பில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 14 விக்கெட். என்னைக் கேட்டால் அது பெரிய சாதனை. அதனால் உள்நாடு, வெளிநாடு என்று கணக்கைப் பிரித்தே பாருங்கள்.

டெஸ்ட், டி20 என்ற ஆட்ட வடிவங்களின் கணக்கையும் கலக்க வேண்டாம். லசித் மாலிங்க 2011 இல் டெஸ்டை விட்டார், ஆனால் 2014 இல் டி20 உலகக் கிண்ண இறுதியில் வென்ற அணிக்குத் தலைவர் அவர்தான்.

அப்புறம் உடம்பு. கடைசி ஒரு மாதத்தில் எத்தனை ஓவர் வீசினார் என்று கூட்டிப் பாருங்கள். ஒருவர் நாலு ஓவர் மட்டுமே வீசும் டி20 லீக்கில் இருந்து நேரே டெஸ்டுக்கு வருகிறவருக்கு வேலைப்பளு சட்டென்று ஏறும், முதுகும் பின்தொடையும் அங்கேதான் பிடிக்கும். பயிற்சி ஆட்டம் இருந்தால் காலை வேகத்தையும் மாலை கடைசி ஸ்பெல் (ஒரே தொடர்ச்சியாக வீசும் ஓவர்கள்) வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.