கோத்தகிரியிலிருந்து முதல் கப்பல் பயணம்: கேபின், கரைச் சுற்றுலா, தங்குமிடம் – படிப்படியாக

கப்பலில் போய்வந்ததிலிருந்து, மார்க்கெட்டில் கேரட் வாங்க நின்றால்கூட யாராவது ஒருவர் பக்கத்தில் வந்துவிடுகிறார். "எவ்வளவு ஆச்சு? எந்த ரூம் எடுத்தீங்க? அம்மாவுக்கு வாந்தி வரலையா?" நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் முதல்முறை போகிறவர்களுக்காக, மலையிலிருந்து இறங்குவதில் தொடங்கி வீடு திரும்புவது வரை வரிசையாக எழுதுகிறேன். நானும் அம்மாவும் தம்பியும் சிங்கப்பூரில் கப்பலேறி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துத் திரும்பினோம். அடுத்த வருஷம் அதே கடலில், கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிளாங் போய்வந்தோம். இரண்டிலும் கற்றுக்கொண்டதுதான் இங்கே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் பயணத்தில் எல்லாக் கணக்கையும் கடைசியிலிருந்து போட வேண்டும். கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரி வேலையாகப் போனால், மேட்டுப்பாளையத்தில் மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தானே மற்ற வேலைகளை வைத்துக்கொள்கிறோம்? அதே பழக்கம்தான் இங்கேயும் கைகொடுக்கும்.

படி 1: கடலையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு இரவு போதும். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 முதல் சில பருவங்களில் கார்டீலியா என்ற நிறுவனத்தின் கப்பல் போய்வருகிறது. இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போகும் பயணம் என்றால் விசா தொல்லை இல்லை. ஆனால் வங்காள விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் காலம், அதைத் தவிருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் போகும் பயணத்தைத்தான் புதியவர்களுக்கு நான் சொல்வேன். ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டு நிலமும் அணைபோல் நிற்பதால் அலை குறைவு. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் இருக்கிறது.

விளம்பரத்தில் தெரியும் கட்டணத்தை நம்பி வீட்டில் பேசி முடிக்காதீர்கள். துறைமுகக் கட்டணம், வரி, ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும் சேவைக் கட்டணம், எல்லாம் கூட்டி வரும் கடைசித் தொகையைக் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: காகிதங்கள்

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதியைத் தனித்தனியாகப் பாருங்கள். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும்; கப்பலில் வெளியே போய் மறுபடி உள்ளே வருவதால் பலமுறை நுழையும் விசாவா என்று சரிபாருங்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அவரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். 24 வாரம் ஆன கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. குழந்தைக்கும் ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

படி 3: கேபின்

பலரும் பணத்தை வீணாக்குவதும், சிலர் பணத்தை மிச்சம் பிடித்துத் தூக்கத்தை இழப்பதும் இங்கேதான். பொதுவாக நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத ஜன்னல் வைத்த கடல் பார்த்த அறை, பால்கனி அறை, பெரிய சூட்.

வகையைவிட இடம்தான் முக்கியம். பஸ்ஸில் மலை ஏறும்போது கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் படும் பாடு நமக்குத் தெரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. கப்பலும் அப்படித்தான். முனையிலும் வாலிலும் ஆட்டம் அதிகம், உயரப் போகப் போகவும் அதிகம். நடுப்பகுதியில், கீழ் டெக்கில் (டெக் என்றால் கப்பலின் மாடி) இருக்கும் அறையில் அசைவு குறைவாகத்தான் தெரியும். குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கு வயிற்றைப் புரட்டுமோ, அவருக்காகவாவது நடு அறையைக் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது. பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பா இரண்டு பாக்கெட் நாங்கள் கொண்டுபோனோம். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து, கப்பலின் டெக் வரைபடத்தை இணையத்தில் திறந்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளமோ சாப்பாட்டுக் கூடமோ இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கு இருந்தால் இரவு பதினொரு மணி வரை மேளம்தான். மேலும் அறைகள், கீழும் அறைகள் என்று இருப்பதே நல்லது. கடல் பார்த்த அறையில் சில சமயம் ஜன்னலுக்கு எதிரே உயிர்காக்கும் படகு தொங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறை விலை குறைவாக இருக்கும். காரணம் தெரிந்து எடுத்தால் தவறில்லை.

'கேரண்டி' என்று ஒன்று உண்டு. வகை மட்டும் உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே பிறகு கொடுப்பார்கள். இளைஞர்கள் எடுக்கலாம். வயதானவர்கள் கூட வந்தால் வேண்டாம். மூன்று, நான்கு பேர் ஒரே அறையில் தங்கினால் மற்றவர்களுக்கு மேலிருந்து இறங்கும் படுக்கைதான். ஏணியில் ஏற முடிகிறவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறை வாசல்படி பெரும்பாலும் உயர்ந்திருக்கும். இரவில் தடுக்கும்.

நாங்கள் முதல் முறை உள்ளறைதான் எடுத்தோம். அம்மா வீட்டில் ஜன்னலில் வெளிச்சம் தட்டியதும் எழுந்து அடுப்பு பற்றவைக்கிறவர். அந்த அறையில் விளக்கை அணைத்தால் குகை. முதல் இரவு மூன்று முறை எழுந்து, "விடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். மறுநாள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் டிவியில் ஒரு சேனலை வைத்துக் காட்டினான். கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் கடல், சத்தமில்லாமல், நாள் முழுக்க. அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஜன்னல். நாலரை மணிக்கு கறுப்பு, ஆறே முக்காலுக்குச் சாம்பல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீலம். அம்மா போர்வைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் கப்பலிலும் அந்தச் சேனல் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அடுத்த வருஷம் அம்மாவுக்காகவே பால்கனி எடுத்தோம். வீட்டுப் பெரியவருக்கு அந்தப் பணம் செலவழிக்கத் தகும்.

படி 4: ஒரு நாள் முன்னதாகப் போங்கள், தங்குமிடம் பாருங்கள்

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் நம் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் போதும், மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். விமானம் போகும், கப்பலும் போகும். நாங்கள் முதல் நாள் மதியமே கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டோம்.

சிங்கப்பூரில் ஒரு இரவு தங்க, 'வீடு வாடகைக்கு' என்று இணையத்தில் வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். அங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது தொடர்ந்து 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். அரசு கட்டிய எச்டிபி வீடுகளுக்கு 6 மாதம். ஊட்டியில் காட்டேஜ் எடுப்பதுபோல் ஒரு இரவுக்கு வீடு எடுப்பது அங்கே சட்டத்துக்குப் புறம்பு. உரிமம் பெற்ற ஹோட்டல்தான் சரி. லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் சிராங்கூன் சாலையில் இட்லியும் கிடைக்கும், தமிழில் வழியும் கேட்கலாம். சிங்கப்பூரில் இரண்டு பயணிகள் கப்பல் முனையங்கள் உண்டு: மரினா பேயில் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்ஸியில் ஏறுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்டுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை.

படி 5: பெட்டி

காபி போட கெட்டில், சாதம் வைக்க ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் எடுக்காதீர்கள். தீ பயத்தால் ஸ்கேனரிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சுத்த சைவம், ஜெயின் சாப்பாடு வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். கப்பலுக்குள் ஏசி குளிர் அதிகம்; நம் வீட்டு ஸ்வெட்டரும் சால்வையும் அங்கே உதவும். கரையிலோ நேர் எதிர். கோத்தகிரிக் குளிரில் வாழ்ந்த பெரியவர்களைக் கடலைவிட அந்த ஊர்ப் புழுக்கம்தான் வாட்டும். குடை, தண்ணீர் பாட்டில், பருத்தித் துணி மறக்காதீர்கள்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும்.

படி 6: ஏறிய முதல் மணி நேரம்

முதலில் அவசரப் பயிற்சி. எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு ஜாக்கெட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று உலக விதியை மாற்றினார்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, அறையிலிருந்து அந்த இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

அடுத்து போனை விமான மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போன் போடும் பில் பயமுறுத்தும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்கு வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது.

படி 7: கரைச் சுற்றுலா

இரண்டு வழி. கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை கூடுதல். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்ஸி பிடித்துப் போனால் செலவு குறையும். தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். எதை எங்கே எடுப்பது? தூரத்தைப் பாருங்கள்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கும். இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா, 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். சுற்றுலா வாங்கத் தேவையே இல்லை. பினாங்கு மலைக்கு ரயில் இருக்கிறது என்று எல்லாரும் இழுப்பார்கள். அது சுமார் 830 மீட்டர், நம் கோத்தகிரி அதைப்போல் இரண்டு மடங்கு. மலையும் ரயிலும் பார்த்து வளர்ந்த நாம் அந்த நேரத்தை ஊருக்குள் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

போர்ட் கிளாங் வேறு கதை. பத்துமலை முருகனைப் பார்க்காமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் திரும்பாது. 42.7 மீட்டர் உயரச் சிலை, குகைக்கு 272 படி. துறைமுகத்திலிருந்து போக ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இப்போது கடைசியிலிருந்து கணக்குப் போடுவோம். கப்பல் 6 மணிக்குக் கிளம்புகிறது, எல்லாரும் 5 மணிக்குள் ஏற வேண்டும் என்றால், நாம் துறைமுகத்தில் 3.30க்கு இருக்க வேண்டும். அப்படியானால் கோயிலிலிருந்து 2 மணிக்குப் புறப்பட வேண்டும். காலை 9 மணிக்கு இறங்கினால் 10.30க்குக் கோயில். கையில் மூன்றரை மணி நேரம். படி ஏறி, தரிசனம் முடித்து, நிதானமாகச் சாப்பிட அது சரியாக இருக்கும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். இவ்வளவு தூரத்துக்குக் கப்பலின் சுற்றுலாவையே நான் எடுப்பேன்.

புக்கெட்டில் பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில்தான் கரைக்குப் போய்வர வேண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே முக்கியம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. கரையில் சிக்னல் பிடித்ததும் தம்பியின் போன் தானாக மாறிக்கொண்டது, எங்களுக்குத் தெரியாது.

கடைசிப் படகு நாலரைக்கு. நாங்கள் ஒரு கடைக் குடையின் கீழ் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "டேய், நாலாகப் போகுது" என்றார். தம்பி போனைக் காட்டினான். "மூணுதாம்மா ஆகப் போகுது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு." அம்மா கட்டியிருந்தது அப்பாவின் பழைய எச்எம்டி. சாவி கொடுக்கிற கடிகாரம். கண்ணாடியில் ஒரு கீறல். "ஏறின அன்னிக்குக் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து வெச்சேன். அதை நான் தொடவே இல்லை" என்றார். தம்பி ஒரு கணம் போனையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தான். இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். படகுத்துறைக்கு வந்தபோது கடைசி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

அதனால், போனில் நேரம் தானாக மாறுவதை முதல் நாளே நிறுத்துங்கள். கப்பல் நேரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று குழுவில் ஒருவர் கையில் இருக்கட்டும். தினமும் வரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்டின் (கரையில் கப்பலுக்காக வேலை பார்ப்பவர்) பெயரும் எண்ணும் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு முழுக்க நம்முடையது.

படி 8: இறங்கி, மலை ஏறுவது

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய உடுப்பையும் செருப்பையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அறைக் கணக்கை அன்றிரவே வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் காலையில் நிற்கும் நீண்ட வரிசைக்கு முன்பே சொல்லிவிடலாம். ஊருக்குத் திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் வையுங்கள்.

கோயம்புத்தூரில் இறங்கி டாக்ஸி எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நம் நீலகிரிப் பதிவெண்ணான டிஎன்-43 வண்டிக்கு வேண்டாம், கோயம்புத்தூர் டாக்ஸிக்கு வேண்டும். டிரைவரிடம் முந்தின நாளே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் செக்போஸ்ட்டில் நின்று, தூங்கி வழியும் பெரியவர்களை வண்டியில் வைத்துக்கொண்டு, போனில் சிக்னல் தேட வேண்டியிருக்கும்.