ஏழு பாட்டு, ஒரு ஜமக்காளம்: வீட்டில் புளூஸ் கேட்க வைப்பது எப்படி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டான புளூஸிலும், அதிலிருந்து பிறந்த பழைய ராக்கிலும் ஊறிப்போனவர்களுக்கு ஒரு பொதுவான பலவீனம் உண்டு. தான் கேட்கத் தெரியும், அடுத்தவரைக் கேட்க வைக்கத் தெரியாது. அத்தையை உட்காரவைத்து எடுத்த எடுப்பிலேயே பதினைந்து நிமிட கிட்டார் சோலோவைப் போடுவார்கள். அத்தை மூன்றாவது நிமிடத்தில் "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்துவிடுவார். பாட்டின் மேல் குற்றமில்லை. வரிசை தப்பு, சத்தம் தப்பு, நடுநடுவே பேச்சு அதிகம்.

ஏழு ஒலிப்பதிவுகள், சுமார் அரை மணி நேரம், மூன்று நான்கு பேர். பெங்களூரு அபார்ட்மெண்ட் ஹாலுக்கு இந்த அளவு போதும்.

முதலில் ஹாலைக் கவனியுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) ஒலி காதைக் குத்தும். ஸ்பீக்கருக்கும் ஆட்களுக்கும் நடுவே தடிமனான ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்பீக்கர்களை மூலையில் தள்ளாதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் (ஆழமான கீழ் ஒலி) வீங்கி, எல்லாப் பாட்டும் பானைக்குள் பாடுவதுபோல் இருக்கும். சுவரிலிருந்து இரண்டடி முன்னால், ஒன்றுக்கொன்று ஆறடி, கேட்பவரிடமிருந்தும் ஆறடி; உயரம் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டம். ஐந்து அல்லது ஆறு அங்குல ஊஃபர் (பேஸை ஒலிக்கும் வட்டப் பகுதி) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இந்த இடத்துக்குத் தாராளம்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டவே வேண்டாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போனிலிருந்து அந்த ஆழம் வரவே வராது. இளையராஜா பாட்டில் பேஸைத் தேடிப் பிடித்துக் கேட்கிற காதுகள் நம்முடையவை, அதைப் பட்டினி போடுவானேன்? ஆளுக்கொரு காது என்று இயர்போனைப் பகிர்வது இன்னும் மோசம். 60களின் ஸ்டீரியோ மிக்ஸ் பலவற்றில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறு பக்கம் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஒருவருக்குப் பாடகர் மட்டும், மற்றவருக்கு டிரம்ஸ் மட்டும் கிடைக்கும். வேறு வழியில்லை என்றால் போன் செட்டிங்ஸில் இரு பக்கமும் ஒரே ஒலி தரும் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் கிராஸ்ஃபேடும் ஆட்டோபிளேயும் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் பாட்டின் வாலை வெட்டும், ஆட்டோபிளே உங்கள் வரிசைக்குப் பின்னால் சம்பந்தமில்லாத எதையோ நுழைக்கும்.

தொடக்கம் புளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கின் 'தி த்ரில் இஸ் கான்' (1969). அவர் பாடும்போது கிட்டார் வாசிப்பதில்லை. ஒரு வரி பாடி நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். கச்சேரியில் பாடகரைத் தொடர்ந்து வயலின் வருவதைக் கேட்டுப் பழகியவருக்கு இதில் விளக்க எதுவுமில்லை. வரிகளின் அமைப்பும் அப்படித்தான்: முதல் வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதில் முடிப்பு.

இரண்டாம் முறை போடும்போது தாளம் போடச் சொல்லுங்கள். வழக்கமான புளூஸ் சுற்று 12 பார் (தாளத்தின் சிறு கட்டம்), பாருக்கு நான்கு அடி, ஆக 48 அடி. நம் கணக்கில் எட்டு அடி கொண்ட ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டும் ஷட்ஜத்தை ஒட்டிய கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) நிற்கும். மூன்றாவது மத்யமத்துக்குப் போகும், நான்காவது வீடு திரும்பும். ஐந்தாவதில் முதல் பாதி பஞ்சமம், பின் பாதி மத்யமம். ஆறாவதில் மறுபடி ஷட்ஜம். பி.பி. கிங் இந்தப் பாட்டில் ஐந்தாவது ஆவர்த்தனத்தை மட்டும் வேறு கார்டுகளில் திருப்புகிறார். அந்தத் திருப்பத்தை அத்தை கை தானாக உணரும். ஷஃபிள் என்ற துள்ளல் வகைப் பாட்டு என்றால் அடி மூன்றாகப் பிரியும், அதாவது திஸ்ர நடை. இவ்வளவு சொன்னால் போதும், மேலே போகாதீர்கள்.

யாராவது "இது சுத்த தன்யாசிதானே" என்று நிச்சயம் கேட்பார்கள். புளூஸில் அதிகம் புழங்கும் ஐந்து ஸ்வரங்கள் அதேதான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ஆனால் பெரும்பாலான புளூஸில் அடியில் ஓடும் கார்டில் சற்று உயர்ந்த அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே குரல் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே தொங்கும். அந்த உரசல்தான் ருசி. ராகம் என்று முத்திரை குத்திவிட்டால் உரசல் அபஸ்வரமாகத் தோன்றிவிடும், ஜாக்கிரதை.

அடுத்தது மட்டி வாட்டர்ஸின் 'ஹூச்சி கூச்சி மேன்' (1954). வாத்தியங்கள் ஒரு தட்டு தட்டி நிறுத்த, குரல் அந்த இடைவெளியில் வருகிறது. இப்போதுதான் 12 எண்ணக் கற்றவர் இங்கே தடுமாறுவார். தப்பு அவர்மேல் இல்லை, இது 16 பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது ஹவுலின் உல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' (1956). ஏறக்குறைய ஒரே கார்ட், தம்புரா போல. இரவு ரயிலின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறிதான் தலைப்பு. எதுவும் பேசாமல் போடுங்கள். அந்தக் குரலுக்கு முன்னுரை கெடுதல்.

பிறகுதான் ராக். தனியாக வேண்டாம், தாய்ப் பாட்டோடு ஜோடியாகப் போடுங்கள். 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்த வெள்ளத்தைப் பற்றி கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்த 'வென் த லெவி பிரேக்ஸ்', உடனே ராக் குழு லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட வடிவம். 2022 செப்டம்பரில் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளப் பாட்டை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இரண்டாவதில் டிரம்ஸ் ஏன் அப்படி இடிக்கிறது என்றால், இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போட்டால் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசி ஜோடி: ராபர்ட் ஜான்சனின் 'கிராஸ் ரோட் புளூஸ்' (1936), கிரீம் என்ற ராக் குழு 1968இல் மேடையில் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்'. ஜான்சனை முதலில் வைத்து ஆரம்பிப்பதுதான் ரசிகர்கள் செய்யும் பெரிய தவறு. பழைய இசைத்தட்டின் இரைச்சல் புதியவரை விரட்டும். போதாக்குறைக்கு அவர் தன் போக்கில் அடிகளைக் கூட்டிக் குறைப்பார், தாளம் போடுபவர் திண்டாடுவார். ஆறாவதாக வரும்போது காது தயாராக இருக்கும். டிரெபிளை (கூர்மையான மேல் ஒலியை) இரண்டு படி குறைத்துக்கொண்டால் இரைச்சல் பின்னால் போகும். கிரீம் தொடங்குமுன் டிரெபிளைப் பழைய இடத்துக்கும், வால்யூமைச் சற்றுக் கீழேயும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

சத்தம் விஷயத்தில் உட்காரும் இடத்தில் 70லிருந்து 75 டெசிபல் வரை போதும். போனில் இலவச ஆப் வைத்து உத்தேசமாக அளக்கலாம். சுவரைத் தாண்டிப் போவது பேஸ்தான், ஆகவே பேஸுக்கென்று தனியாக உள்ள சப்‌ஊஃபரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். மாலை ஆறு மணி நல்ல நேரம், பஜ்ஜி முடிந்ததும். எதிர்பார்ப்போடு பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதைவிடக் கூச்சம் வேறில்லை.

இசைத்தட்டில் போட ஆசையென்றால் சில எச்சரிக்கைகள். டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் வைத்தால் அதிர்வு ஊசிக்கே திரும்பி ஊளையிடும். ஃபோனோ ப்ரீ-ஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாமல் சாதாரண உள்ளீட்டில் செருகினால் சத்தம் மெலிந்து, பேஸ் காணாமல் போகும். 'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் முதலில் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடை கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதிக்கு) நிர்ணயித்தபடி இருக்க வேண்டும்: ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்ட்டஃபான் 2எம் ரெட் என்றால் 1.8. எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தவறான நம்பிக்கை. லேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைக் கீறும்.

பழைய தட்டைக் கழுவ போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்பு பள்ளத்தில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான மைக்ரோஃபைபர் துணியும் எடுத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. 78 வேகத் தட்டில் ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் அது செய்யப்பட்டிருக்கும் அரக்கு கரைந்துவிடும். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும், உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

மறுநாள் வாட்ஸ்ஆப்பில் நாற்பது லிங்க் அனுப்பாதீர்கள். எந்தப் பாட்டில் அவர் கால் ஆடியது என்று கவனித்திருப்பீர்கள் அல்லவா, அதே ஆளின் இன்னொரு பாட்டு, ஒன்றே ஒன்று.