அன்ஹேப்பி: எங்கே வருத்தம், எங்கே அதிருப்தி

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் கைக்கு வந்த ஒரு கடிதத்தில் ‘வீ ஆர் அன்ஹேப்பி வித் த ரிப்போர்ட்’ என்று ஒரு வரி. ‘அறிக்கையைக் கண்டு மனம் வருந்துகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்தவர்கள் ஆறுதலாக நாலு வரி பதில் போட்டார்கள். எதிர்த்தரப்பு எதிர்பார்த்ததோ திருத்திய அறிக்கையை. ‘அறிக்கை எங்களுக்குத் திருப்தியாக இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால், அடுத்து வரும் குட்டிச் சொல் எது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வித், அபௌட் இரண்டில் ஒன்று வந்தால் பெரும்பாலும் அதிருப்திதான். ‘ஷீ இஸ் அன்ஹேப்பி அபௌட் த டிசிஷன்’ என்றால் அவர் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று இல்லை; அந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. குரலை உயர்த்தாமல் குறை சொல்ல ஆங்கிலத்தில் இது வாகான சொல். மேலதிகாரி வாயிலிருந்து வந்தால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் கதை வேறு. அன்ஹேப்பி மேரேஜ், அன்ஹேப்பி சைல்ட்ஹுட் எல்லாம் நாள்பட்ட துன்பத்தைச் சொல்பவை. ஒரு சாயங்காலம் மனசு கனத்துப்போனால் ‘சேட்’ (sad) என்ற சொல்லே போதும். ஆனால் ‘அன்ஹேப்பி சாய்ஸ் ஆஃப் வேர்ட்ஸ்’ என்பதில் யாருக்கும் வருத்தமே இல்லை. பொருந்தாத வார்த்தையைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு வேரில் விடை இருக்கிறது. ஹேப் என்ற பழஞ்சொல்லுக்குத் தற்செயல், அதிர்ஷ்டம் என்று பொருள். ஹேப்பன், பர்ஹேப்ஸ், மிஸ்ஹேப் எல்லாம் அதன் வழி வந்தவை. முதலில் அன்ஹேப்பி என்றால் அதிர்ஷ்டங்கெட்ட என்றுதான் அர்த்தம். இன்றும் ஒரு வாக்கியம் ‘அன்ஹேப்பிலி’ என்று தொடங்கினால் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்றே எழுதுகிறேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத இடம் இது.

இலக்கணத்தில் பெரிய சிக்கல் இல்லை. ‘ஐ ஃபீல் அன்ஹேப்பி’ சரி, ‘ஐ ஃபீல் அன்ஹேப்பிலி’ தவறு. அன்ஹேப்பியர், மோர் அன்ஹேப்பி இரண்டும் வழக்கில் உண்டு.

ஒரே இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைத் தொடவே தொடாதீர்கள்: இழவுச் செய்திக்கு எழுதும் பதிலில். ‘ஐ ஆம் அன்ஹேப்பி டு ஹியர் திஸ்’ என்றால், செய்தி தனக்குப் பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பதுபோல் ஆகிவிடும். ‘ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று எழுதுங்கள். பறிகொடுத்தவர்களுக்கு நாம் சொல்ல வந்தது போய்ச் சேரும்.