சேவ் செய்த பிறகும் பழைய பெயரே காட்டுகிறதா?

புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதி ஒன்றுக்கு புக்கிங் மென்பொருள் செய்கிறீர்கள் என்று வையுங்கள். கோடு எழுதும் எக்ளிப்ஸ் மென்பொருளில் ‘அறை’ என்டிட்டியில் (டேட்டாபேஸ் டேபிளுக்கு இணையான ஜாவா கிளாஸ்) வாடகை ஃபீல்டின் பெயரை மாற்றி சேவ் செய்தாயிற்று. ஜாவா கிளாஸை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேபிஏவின் டீடெய்ல்ஸ் வியூவிலோ பழைய பெயரே நிற்கிறது.

பதறி கோடில் கை வைக்காதீர்கள். எக்ளிப்ஸின் ஜேபிஏ கருவியான டாலி, உங்கள் கோடைப் பற்றிய தன் மாடலைப் பின்னணியில் ஒரு ஜாபாகப் புதுப்பிக்கிறது. சேவ் ஆன உடனே அது முடிந்திருக்க வேண்டியதில்லை. புராக்ரஸ் வியூவைத் திறந்து, ஜாப்கள் ஓய்ந்ததும் பாருங்கள். அப்போதும் மாறவில்லையா? புராஜெக்ட் மெனுவில் பில்ட் ஆட்டோமேட்டிக்கலியில் டிக் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் அதே மெனுவில் கிளீன்.

என்டிட்டி கிளாஸ்களைப் பட்டியலிடும் பெர்சிஸ்டன்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலில் கிளாஸ் இல்லை என்ற பிழை வேறு கதை. காத்திருந்தால் போகாது. அந்த ஃபைலில் ரைட் கிளிக், ஜேபிஏ டூல்ஸ், சிங்க்ரனைஸ் கிளாஸ் லிஸ்ட்.

எக்ளிப்ஸ் ப்ளக்இன்களுக்கு டெஸ்ட் எழுதுபவர்கள் த்ரெட் ஸ்லீப்பை, அதாவது குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருப்பதை, நம்புவது எனக்குப் பிடிக்காது. வேகமான கணினியில் பாஸ் ஆகும், பழைய லேப்டாப்பில் கவிழும். ஜாப் மேனேஜரின் ஜாயினில் அந்த ஜாபின் ஃபேமிலியை (ஒரே வகை ஜாப்களின் குழு அடையாளம்) கொடுத்துக் காத்திருங்கள். திரையைக் கையாளும் யூஐ த்ரெட்டில் மட்டும் வேண்டாம்: ஜாப் யூஐக்காகக் காத்திருந்தால் இரண்டும் உறைந்துபோகும்.