104-ஆம் சங்கீதத்தை மரத்தடியில் ஜெபிப்பது எப்படி

கடவுளின் படைப்பைப் போற்றும் பைபிள் பாடலான 104-ஆம் சங்கீதத்தை மரத்தடியில் ஜெபிக்க, ஆலய வளாகத்தில் ஒரு மரமும் பத்துப் பேரும் போதும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் 1989-இல் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக்கினார். 2015-இல் கத்தோலிக்கரும் அதை ஏற்றனர். அன்று தொடங்கி, அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை எந்தக் காலையும் ஏற்றது.

தென்னையடி வேண்டாம், காய் விழும். மாமரமானால் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வேம்பு, புங்கை உத்தமம். எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். பழைய பைபிளும் திருவிவிலியமும் கலந்தால் கூட்டு வாசிப்பு தடுமாறும். போனில் வாசிக்க வேண்டாம், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

சங்கீதத்தை ஆறாகப் பிரியுங்கள்: வசனங்கள் 1–9, 10–18, 19–23, 24–26, 27–30, 31–35. ஒவ்வொன்றுக்கும் நிதானமாக 2 நிமிட வாசிப்பு, 7 நிமிட மௌனம். மொத்தம் 54 நிமிடம். சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் தொடங்கினால், ‘சூரியன் உதிக்கையில்’ என்ற 22-ஆம் வசனமும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

மௌனத்தில் கண்ணை மூடக்கூடாது. கண்மூடி ஜெபித்தே பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பட்டை, எறும்பு, ஒரு இலை என்று ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் நிமிடத்தில் எல்லாரும் நெளிவார்கள்; அப்போது நடத்துபவர் ஜெபம் சொல்லி இடைவெளியை நிரப்பினால் எல்லாம் கெட்டது. பிரசங்கமும் வேண்டாம்.

18-ஆம் வசனத்தில் மட்டும் ஒரு வரி சொல்லலாம். மூல மொழியான எபிரெயுவில் இருப்பது யூதேயப் பாறைகளின் காட்டாடு. பழைய தமிழ் பைபிளில் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடு.

‘இது இயற்கை வழிபாடு ஆகாதா?’ என்று ஒருவராவது கேட்பார். 27-ஆம் வசனத்தைக் காட்டுங்கள்: ‘அவைகளெல்லாம் உம்மை நோக்கிக் காத்திருக்கும்.’ மரத்தை நோக்கி ஜெபிப்பதில்லை. மரத்தோடு சேர்ந்து தேவனுக்குக் காத்திருக்கிறோம். அந்த ‘எல்லாம்’ என்பதில் நாமும் அடக்கம்.

பாவிகள் நிர்மூலமாவதைச் சொல்லும் 35-ஆம் வசனத்தைப் பலர் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள், பாவ அறிக்கைக்கு இடம் அதுதான். வளாகத்தில் எரிக்கும் குப்பை, மூடிக்கிடக்கும் கிணறு என்று ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டு, அதை அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் வையுங்கள்.

முடிந்ததும் டீ உண்டென்றால் அவரவர் தம்ளரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜெபித்த மரத்தடியிலேயே பேப்பர் கப் குவியும்.